கலிபாவின் நாற்பத்தாறு கன்றுகள்

கலிபாவுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பஸ் பத்து நிமிஷம் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவாள். முப்பது வருஷம் தையல் பட்டறையில் துணி வெட்டியவள். காலையில் வெட்டியது சாயங்காலம் சட்டையாகிவிட வேண்டும் அவளுக்கு. அப்படிப்பட்டவள்தான் மரம் வளர்க்க இறங்கினாள்.

நான் அவள் வீட்டெதிரே பஸ் நிறுத்தத்தில் சம்சா சுடுகிறவள். பிஷ்கெக்கில் எங்கள் தெருவை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கமும் நிழல் பரப்பி நின்ற கரகாச் மரங்களை அடியோடு வெட்டிவிட்டார்கள். அடுத்த ஜூலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்த அவள் புருஷன் சகின்பெக் அப்படியே தார்மேல் சுருண்டு விழுந்தான். ஓடிப்போய் அவன் தலையில் தண்ணீர் கொட்டியவள் நான்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் இடது கை விளங்கவில்லை. இப்போதும் வாரம் மூன்று நாள் அதே நிறுத்தத்தில் நின்றுதான் வைத்தியத்துக்குப் போகிறான். பஸ் வரும்வரை கலிபா குடை பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி நிற்பாள்.

மறு மே மாதம், ஒரே ஒரு பழைய கரகாச் மிஞ்சியிருந்த முற்றத்துக்குப் போய், காற்றில் உதிர்ந்து குவிந்த விதைகளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளி வந்தாள். எண்ணெய் டப்பாக்களில் ஊன்றி பால்கனியில் ஒரு வருஷம் வளர்த்தாள். இந்த வசந்தத்தில் நாற்பத்தாறு கன்றுகளைத் தெருவோரம் நட்டாள். குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. ஊரில் காசு கொடுத்து வெளிநாட்டுத் துய்யாச் செடி வாங்கி வைக்கிறார்கள், இவள் களையை நடுகிறாள் என்றார்கள். துய்யா கூம்பாக நிற்குமே தவிர அதனடியில் ஒரு பூனைகூட ஒதுங்க முடியாது. இதைச் சொன்னதற்கு எனக்கு வாய்க்கொழுப்பு என்றார்கள்.

சகின்பெக் மட்டும், ஆள் நிற்க நிழல் விழ எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டான். நான்கு என்றாள்.

"அப்ப நாலு வருஷத்துக்கு என்னைச் சாக விடமாட்டேன்னு சொல்லு."

அவள் அவன் இடது கையை மடியில் எடுத்து வைத்து நீவினாள்.

குடியிருப்புக் கூட்டத்தில் ஒரு முடிவும் எடுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பச்சையாக நிற்பது நிற்கட்டும், காய்ந்த இடத்தில் கல் பதித்துக் கார் நிறுத்தலாம் என்று. அன்றிலிருந்து கலிபாவுக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் தெரு வாய்க்காலுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் முறைத் தண்ணீர். ஜூலை முதல் முறை, மேலே ஏதோ பழுதுபார்ப்பு என்று வரவே இல்லை. குழாய்த் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினால் அபராதம். அதுவும் பகலில் குழாயில் காற்றுதான் வரும். கலிபா பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சகின்பெக் தொட்டியில் உட்கார்ந்து குளித்த தண்ணீரையும் சுமந்து ஊற்றினாள். எந்த மூலைக்குக் காணும்? இலை ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. அடுத்த முறை வியாழக்கிழமை இரண்டு மணிக்கு. அன்றைக்கு வெயில் நாற்பத்தொன்று.

இரண்டாயிற்று, தண்ணீர் வரவில்லை. இரண்டே காலாயிற்று. வாய்க்காலுக்குள் குனிந்து குனிந்து பார்த்தவள், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலோடு மேலே நடந்தாள். அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நானும் அடுப்பை மூடிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மூன்றாவது முனையில் பழக்காரன் ஒருவன் தர்பூசணிகளைக் குளிரவைக்க வாய்க்காலைக் கல் வைத்து மறித்திருந்தான். கலிபா கேட்காமலே கல்லைப் புரட்டினாள். அடியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. மேலிருந்தே வரவில்லை அக்கா, என்னை ஏன் முறைக்கிறாய் என்றான். இன்னும் இரண்டு முனை ஏறினோம். மடை அங்கேதான் அடைத்திருந்தது. பலகையை இறக்கி, சேறு வைத்துப் பூசியிருந்தார்கள்.

மண்வெட்டியை ஓங்கியவள் நின்றுவிட்டாள். நான்கு மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியிருந்தது. உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற அவர்கள் பக்கத்து வீட்டுக்காரன் தெமிர்லான் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். இறந்தது பாத்மா என்ற வயதான அம்மா. உடலைக் கழுவும் தண்ணீர் ஒரு சொட்டும் வாய்க்காலில் ஓடி யார் காலிலும் படக் கூடாது, அதனால் நாளை மத்தியானம் எடுக்கும்வரை மடை அடைப்பு.

கலிபா மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்தாள். துக்க வீட்டைத் தாண்டிப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தோம். முறைக்கு அழத் தொடங்கிய கலிபா நிறுத்தவே இல்லை. பாத்மாவின் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாருக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது.

வெளியே வந்தபோது பாத்மாவின் மருமகள் சாய்கல் எங்களுக்குப் பொட்டலம் கொண்டு வந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. இறைச்சியும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் கட்டிக் கையில் வைப்பார்கள், கெஷிக் என்போம். அதை வேண்டாம் என்று சொல்பவர்கள் கிடையாது.

"எனக்கு இது வேணாம்மா, கோவிச்சுக்காத," என்றாள் கலிபா. "என் பங்கைத் தண்ணியா குடு."

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. எதற்கு என்று சாய்கல் கேட்டாள்.

"கீழ்த் தெருவுல நாப்பத்தாறு கரகாச் கன்னு வச்சிருக்கேன். பதினெட்டு நாளா தண்ணி இல்ல. ரெண்டு வாளி குடுத்தாலும் பஸ் நிக்கிற இடத்துல இருக்கிறதையாவது காப்பாத்திடுவேன்."

சொல்லி முடித்ததும் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். சாய்கல் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். பிறகு தெமிர்லானைக் கூப்பிட்டு, நாளைய டீக்காக ஊற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த பதினெட்டுப் பால் கேன்களையும் அவன் சின்ன லாரியில் ஏற்றச் சொன்னாள். நாத்தனார்காரி ஒருத்தி பதறிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு ஊரே வரும். டீக்கு என்னடி பண்ணுவ?"

"ராத்திரி போய்ப் பிடிச்சுட்டு வரச் சொல்றேன். அப்பவும் குறைஞ்சா பேச்சை நான் வாங்கிக்கிறேன் அண்ணி."

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்தோம். மண் அவ்வளவு இறுகியிருந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தார்ப்பக்கம் ஓடியது. கலிபா கடப்பாறையால் துளை போட்டு, கிண்ணம் கிண்ணமாக விட்டாள். ஒவ்வொரு கன்றிலும் ஓர் இலையை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். மடங்கினால் மூச்சு விட்டாள். நொறுங்கினால் இரண்டு கிண்ணம் கூட ஊற்றினாள். நொறுங்கியவை பதினொன்று என்று எண்ணினேன், அவளிடம் சொல்லவில்லை. அடுத்த முறை வர இன்னும் ஒன்பது நாள்.

கறுப்புத் துணி தலையில் கட்டிய சாய்கலும் கூடவே குனிந்து ஊற்றிக்கொண்டு வந்தாள். கடைசிக் கேனைத் தூக்கும்போது கேட்டாள்.

"இது எப்ப நாலாவது மாடிக்கு வளரும் அக்கா?"

"பதினஞ்சு வருஷம் ஆகும்."

"எங்க ஜன்னலுக்கு நேரா இதே மரம் ஒண்ணு இருந்துச்சு. வெளிச்சத்தை மறைக்குதுன்னு வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தேன். அத்தை வேணாம்னாங்க. இந்த வாரம் பூரா அந்த ஜன்னல்கிட்டயே புழுங்கிப் புழுங்கிக் கிடந்தாங்க." கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வேரில் வடித்தாள். "வெட்ட ஒரு மத்தியானம்கூட ஆகல."