உம்மு குல்சுமின் உறைந்த எண்ணெய்

கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் உம்மு குல்சுமின் கோபத்துக்குப் பயப்படாத ஆள் இல்லை. நிறுவையில் ஏமாற்றப் பார்த்த மொத்த வியாபாரியை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியவள். கணவர் நஸீபே இரண்டு தரம் யோசித்துத்தான் அவளிடம் வாயைத் திறப்பார். ஆனால் அந்தத் தை மாதம் அவளுக்கு வந்தது வழக்கமான கோபம் அல்ல.

மலைமேல் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முச்சக்கர வண்டி ஓட்டும் யுகேஷ், கண்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் அவள் கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கியிருந்தான். அந்தப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வீடியோ போட்டான். உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டி, அசையவே இல்லை. மாட்டுக் கொழுப்பைக் கலந்து விற்கிறார்கள் என்று கடைப் பெயரையும் சொல்லிக் கத்தியிருந்தான். அது யார் யார் போனுக்கோ போய், சிங்களத்திலும் எழுத்து ஒட்டிக்கொண்டு திகனைக்கே திரும்பி வந்தது. கடை வெறிச்சோடிப் போனது.

ஒரு வதந்தி என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய முதல் கடை எரிந்ததே ஒரு வதந்தி கிளப்பிய கலவரத்தில்தான். கருகிய தகரங்களை அள்ளிப் போட்டுவிட்டு, குருநாகலில் தம்பியின் ஆலையிலிருந்து ஒரேயொரு பீப்பாய் எண்ணெய் கொண்டுவந்து மறுபடி தொடங்கியவள். நஸீபுக்கும் அந்தப் பயம் போகவில்லை. இனிமேல் பாம் எண்ணெய் கலந்து விற்போம், அது கலந்தால் மலைக் குளிரிலும் இப்படிக் கட்டியாக உறையாது, ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றார். அவளுக்கு வந்ததே ஆத்திரம். கலப்படம் செய்தால் நல்லவள், சுத்தமாக விற்றால் கள்ளியா? நல்ல தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் உறையாமல் வேறென்ன செய்யும்?

யுகேஷைப் போத்தலோடு கடைக்கே கூப்பிடலாம் என்று பார்த்தார் நஸீப். அவள் ஒத்துக்கொள்ளவில்லை: மலையிலிருந்து கீழே இறங்க இறங்க வெக்கை ஏறும், கட்டி உருகிவிடும், அப்புறம் போத்தலை மாற்றிவிட்டாள் என்று இன்னொரு வீடியோ வரும். மறுநாள் முதல் பஸ்ஸில் அவளே மலையேறினாள்.

யுகேஷ் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் யாரென்று தெரிந்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை.

"நேத்து வெயில்ல வச்சுப் பாத்தேங்க. பாதி உருகிருச்சு, மீதி கட்டியாவே நின்னுச்சு. எண்ணெய் தனியா, கொழுப்பு தனியா பிரிஞ்சு நிக்குது."

"ஒரு துண்டு கட்டி மிச்சம் ஈக்குற வரைக்கும் போத்தல் சூடாகாது தம்பி. வார சூட்ட எல்லாம் அந்தக் கட்டியே குடிச்சிரும். இன்னும் கொஞ்சம் வெச்சிருந்தா முழுக்க உருகியிருக்கும். பொறுக்க ஏலாம உள்ள எடுத்துட்டீங்க."

அதற்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். போத்தலைக் கொண்டுவரச் சொன்னாள்; இரவுக் குளிரில் அது மறுபடி முழுக்கக் கட்டியாகியிருந்தது. கத்தி முனையால் ஒரு துண்டைக் கிளறி அவன் உள்ளங்கையில் வைத்தாள். தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். அதில் இருந்தது உண்மையான மாட்டுக் கொழுப்பு. "இத நீங்க தொடத் தேவல்ல, என்ட கையிலயே ஈக்கட்டும்" என்று தன் கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

யுகேஷின் உள்ளங்கை சில்லென்றது. அவன் கைச்சூட்டை உறிஞ்சி உறிஞ்சி அந்தத் துண்டு உருகி, விரலிடுக்கு வழியாகச் சொட்டியது. உம்மு குல்சும் கையை விரித்தாள். கொழுப்பு வைத்தபடியே கட்டியாக இருந்தது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான், வீடியோவை இப்போதே அழித்துவிடுவதாகச் சொன்னான். கையைத் துடைக்கத் துணியைத் தேடினான்.

அவன் போனில் அழித்தால் ஊரெல்லாம் சுற்றுவது அழியுமா?

"தொடைக்காதீங்க. அந்தக் கையக் காட்டி இன்னொரு வீடியோ போடுங்க. கடப் பேரையும் செல்லுங்க."

அவன் மறு கையால் போனை எடுத்தான். அவளும் கொழுப்பு இருந்த கையை அவன் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். அவன் பேசத் தொடங்கினான். குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை.

"அழிச்சிட்டு மறுபடி எடுங்க" என்றாள் உம்மு குல்சும். "மொத வீடியோவுல கத்தின அதே சத்தத்துல."