ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பெயர்

பாரிசில் வாடகைக்கு எடுக்கும் காரை ஜெர்மனியில் கொண்டுபோய் விடுவதென்று நான் முடிவெடுத்தபோது, மெல்பேர்னில் ஒருவர்கூட என் பக்கம் நிற்கவில்லை. ஸ்பிரிங்வேலில் மீன் வாங்க நின்ற இடத்தில், பக்கத்து வீட்டு அன்ரி பைக்குள் நண்டைப் போட்டபடியே கேட்டா.

"எடுத்த இடத்திலயே திருப்பி விட்டா என்ன? அங்க ரெயின் ஓடுறேல்லையோ?"

"ஓடுது அன்ரி."

"பிறகென்ன? ஆர் பெத்த காசு?"

நான் பெத்த காசுதான் என்றேன். நேர்சிங் ஹோம் சலவை அறையில் இருபத்திரண்டு வருடம் படுக்கைவிரிப்பு மடித்த காசு. அன்ரி கதையை நண்டுக்கு மாற்றிவிட்டா.

அவ சொன்னதில் பிழையில்லை. ஒரு நாட்டில் எடுத்து மற்ற நாட்டில் விட்டால், கம்பனி அந்தக் காரைத் தன் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவை நம் தலையில்தான் போடுவார்கள். மூன்று நாள் வாடகையைவிட அந்த ஒருவழிக் கட்டணம் கூடவாக இருந்தது. அதோடு இன்சூரன்ஸ். மல்கிரேவில் எங்கள் குசினி மேசையில் மகளும் நானும் ஒரு கிழமை நிபந்தனைகளை வாசித்தோம். கார் அடிபட்டால் முதலில் நம் கையிலிருந்து போகிற தொகை ஒன்று இருக்கிறது. அது சின்னத் தொகையில்லை. அதை மூட இங்கேயே தனியாக ஒரு இன்சூரன்ஸ் எடுத்தோம். மகள் ஒரு வரியில் விரலை வைத்துத் தட்டினாள்.

"அம்மா, ஒன்லி தி நேம்ட் டிரைவர். கொன்ராக்டில பேர் இல்லாத ஆள் ஓடினா சதமும் வராது. ஓகே?"

ஓம் என்றேன். எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை அதுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், ஊரில் சண்டைக்குத் தப்பி வந்த நான் ஜெர்மனியிலிருந்து பிரான்சுக்குள் போனது ஒரு காரின் பின்சீற்றில். காசு வாங்கி எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் சொன்னான்: "நித்திரை மாதிரிக் கிட. கண்ணைத் திறந்தியோ, எல்லாரும் துலைஞ்சம்." மடியில் கிடந்த பாஸ்போர்ட்டில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர். ஓரிடத்தில் கீழே உருளும் ரயரின் சத்தம் மாறியது. பாலம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லை பற்றி எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். காரில் ஓரிடம்தான் இருந்தபடியால் கூட வந்த அக்கா ஜெர்மனியிலேயே நின்றுவிட்டா. இப்போதும் ஸ்ருட்கார்ட்டில்தான் இருக்கிறா. அந்தப் பாலத்தை, என் பெயரோடு, நானே ஸ்டியரிங் பிடித்து, கண்ணைத் திறந்துகொண்டு கடந்து அக்காவிடம் போக வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இதற்குமேல் காரணம் கேட்பவர்களுக்கு என்னிடம் வேறு காரணம் இல்லை.

பாரிசில் கார் எடுக்கும்போது என் கணவரோடு, பாரிசிலேயே இருக்கிற என் அண்ணையும் வந்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண், இன்னொரு சாரதியின் பெயரும் சேர்க்கவா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கமுதலே அண்ணையின் லைசென்ஸ் மேசையில் கிடந்தது. அவரும் எங்களோடு அக்கா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. திரும்பும்போது ரெயினில் போவார்.

"வேண்டாம். ஒரு பேர் போதும்," என்றேன்.

"பிள்ளை, நீ ஒஸ்ரேலியாவில இடப்பக்கம் ஓடுற ஆள். இஞ்ச எல்லாம் மற்றப் பக்கம்."

"பழகியிட்டுத்தான் வந்தனான்."

"எங்க பழகினனீ, மல்கிரேவிலயோ?"

என் கணவர் சிரித்தார். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் கார் ஓடுவதில்லை, சிரிப்பது மட்டும்தான்.

அண்ணைக்கு அது பெரிய மரியாதைக் குறைவு. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. வீட்டுக்கு வந்தவரின் பெட்டியைத் தூக்க விடமாட்டார்கள், கடையில் காசு கொடுக்க விடமாட்டார்கள், காரின் சாவியையும் கையிலிருந்து பறித்துவிடுவார்கள். "வந்த தங்கச்சியை ஓடவிட்டிட்டு நான் பக்கத்தில குந்திக்கொண்டு போறதே?" என்று அன்றிரவு தன் வீட்டில் சாப்பாடு முழுக்க அதையே சொன்னார். நானும் முழுக்க இல்லையென்றே சொன்னேன்.

விடிய எழும்பிப் பார்த்தால், மேசையில் வைத்த சாவியைக் காணவில்லை. நாங்கள் பெட்டியோடு படி இறங்கக் கஷ்டப்படுவோமென்று, அண்ணை காரை அடித்தளத் தரிப்பிடத்திலிருந்து வாசலுக்குக் கொண்டுவரப் போயிருக்கிறார். கொண்டும் வந்தார். தூணில் உரஞ்சி, பின்கதவு நீளத்துக்கு உள்ளே போயிருந்தது.

நாங்கள் இருவரும் பெட்டியோடு இறங்கி வந்து கதவைப் பார்த்தோம்.

"நீ ஓடினதெண்டு சொல்லு," என்றார் அண்ணை. "இன்சூரன்ஸ் குடுக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?"

என் கணவரும் அதைத்தான் சொன்னார். "இஞ்சருமப்பா, பொய்யெண்டு நினைக்காதையும். ஒரு வசனம்தானே."

ஒரு வசனம்தான். அந்தக் காலத்தில் எனக்குப் பாடமாக்கித் தந்ததும் வசனம் வசனமாகத்தான். என் பெயர் இது, பிறந்த இடம் இது, தகப்பன் பெயர் இது. ஒன்றும் என்னுடையதல்ல. பத்தொன்பது வயதில் அதைச் சொல்லித்தான் உயிர் பிழைத்தேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படவும் இல்லை. ஆனால் இப்போது என்னை யாரும் துரத்தவில்லை. ஒரு கதவுக்காக, இதே நாட்டில், இன்னொருமுறை பாடமாக்கின கதை சொல்ல மாட்டேன்.

அங்கேயே நின்று கம்பனிக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவன் ஆங்கிலத்தில் முதலில் கேட்டதே, யார் ஓடியது என்றுதான். அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"என் அண்ணன். அவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை," என்றேன்.

பிறகு இன்னொருமுறை கேட்டான், அப்படித்தானா என்று. அப்படித்தான் என்றேன். அப்படியென்றால் அந்தக் கதவுக்கு இன்சூரன்ஸ் இல்லை, முழுக்க நாங்களே கட்டவேண்டும், கார் ஓடுமென்றால் பயணத்தைத் தொடரலாம், இனி நீங்கள் மட்டும் ஓடுங்கள் என்றான்.

"அதைத்தான் நானும் நேற்றிலிருந்து சொல்கிறேன்," என்றேன் அவனிடம்.

அண்ணை பின்சீற்றில் ஏறினார். அடிபட்ட கதவு திறக்காது. மற்றப் பக்கத்தால் ஏறி நகர்ந்து உட்கார்ந்தார். நான் வலப்பக்கம் பிடித்து ஓடினேன். முதல் சுற்றுவட்டத்தில் பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும். நெடுஞ்சாலையில் ஏறியபிறகு கை தானாகப் பழகிவிட்டது. எல்லைக்குக் கிட்டவுள்ள ஸ்ராஸ்பூர்க் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அண்ணை கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார். அது நித்திரையில்லை, கோபம். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

"அண்ணை, கண்ணைத் திறவுங்கோ. பாலம் வருது."

திறந்தார். கீழே ஆறு அகலமாக, மண்ணிறத்தில் கிடந்தது. ரயரின் சத்தம் மாறியது. சில நாட்களில் அங்கே பொலிஸ் மறிப்பார்களாம். அன்றைக்கு ஒருவரும் இல்லை. ஜெர்மனி என்று எழுதிய ஒரு நீலப் பலகை வந்தது, போனது.

"இவ்வளவுதானோ?" என்றார் என் கணவர்.

"இவ்வளவும்தான்," என்றேன்.

கொஞ்சத் தூரம் போனபிறகு அண்ணை சொன்னார்: "நீ ஓடுறாய்தான்."

ஸ்ருட்கார்ட்டில் காரை விட்டபோது ஒருவழிக் கட்டணமும் கதவும் ஒரே பில்லில் வந்தன. அண்ணை காசை நீட்டினார். பாதியை மட்டும் வாங்கினேன்; சாவியை மேசையில் வைத்தது நான்தானே. என்னைக் கூட்டிப்போக வந்த அக்கா கம்பனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கையெழுத்தைப் பெரிதாகப் போட்டேன்.

திரும்பி வந்த கிழமை ஸ்பிரிங்வேலில் அதே மீன்கடை, அதே அன்ரி. எவ்வளவு முடிந்தது என்று கேட்டா. சதம் குறைக்காமல் சொன்னேன். அவ நெஞ்சில் கை வைத்தா.

"அடுத்தமுறை எண்டாலும் ரெயினில போவீரோ?"

"இல்லை அன்ரி. அடுத்தமுறை ஜெர்மனியில எடுத்து பாரிசில விடுவன். முதல் போன திசையில ஒருக்கா ஓடவேணும்."

"தனியவோ?"

"அக்காவும் வாறா. முன்சீற்றில."