துவட்டாத தலை

கால நீட்டு கால நீட்டுன்னு நாலு நாளா நீ சொல்லிக்கினு கீற, நானும் பேச்ச மாத்திக்கினே கீறேன். ஒன் மேல கோவம் இல்ல கண்ணு. முட்டி ஆபரேசன் ஆனவங்களுக்கு எக்சர்சைஸ் சொல்லித் தரது ஒன் வேல, அதுக்குத்தான் வூடு தேடி வர. ஆனா நான் கால நீட்டி ஒக்காந்து நாப்பது வருசம் ஆவுது. மடக்கியே குந்தி குந்திதான் முட்டி இப்புடி ஆச்சின்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. ஏன்னு சொன்னா நீ சிரிப்ப, சிரிச்சிக்கோ. எனுக்கு பேய் பிசாசுல நம்பிக்கையே கெடையாது. முனி அடிக்கும்னு ஊரே பயப்பட்ற புளியமரத்துக்கடில துண்ட விரிச்சி தூங்கனவ நான். இது ராத்திரி நடந்தது கூட இல்ல, பட்டப்பகல், ஒச்சி வெயிலு.

உத்திரமேரூர் தாண்டி ஏரிக்கரை ஓரமா மெட்ராஸ்காரர் ஒருத்தர் பெரிய பார்க்கு கட்னாரு. ராட்டினம், ஏரில சுத்தி வர போட்டு, சிமிட்டில பண்ண யான, அதோட தும்பிக்கைல புள்ளைங்க சறுக்கிக்கினு வரும். உள்ளயே ஓட்டலு, ஓட்டலு பின்னாடி நீல டைல்ஸ் ஒட்டன ஒரு கட்டடம். இப்ப ஸ்பா ஸ்பான்றீங்களே அதுதான், அப்ப ஹெல்த் கிளப்புன்னு போர்டு வெச்சிருந்தாங்க. எண்ண தேய்க்கற பெஞ்சி, ஆவி புடிக்கற ரூமு, எந்நேரமும் வெந்நீர் காயற பாய்லரு. எங்க தெருவுக்கு ஒரு பைப்பு கெடையாது, அங்க கொயாவ தொறந்தா கொதிக்கக் கொதிக்க கொட்டும்.

எனுக்கு அங்க கொயந்தைங்கள குளிப்பாட்ற வேல. மெட்ராஸ் பொம்பளைங்களுக்கு நம்ம ஊர் மொறைல கொயந்த குளிச்சா அதிசயம். நீ கூட பாத்திருப்ப, ரெண்டு காலயும் சேத்து நீட்டி, கணுக்காலு மேல கொயந்தய போட்டு, எண்ண தேச்சி, ஒரு கையால மூஞ்சிய மறைச்சிக்கினு சொம்பால தண்ணி ஊத்துவோம். கடைசில முக்கியமா தல தொவட்டணும். தலைல ஈரம் நின்னா சளி கட்டிக்கும். அதுக்கின்னே மொத்தமான வெள்ள டவலு அடுக்கி வெச்சிருப்பாங்க. என் பொண்ணுக்கு கியிஞ்ச பொடவதான், அது வேற.

ஆமா, பொண்ணு. மூணு மாசம். வேலைக்கு வர்றவங்க கொயந்தய கேட்டுக்குள்ளயே கொண்டாரக்கூடாதுன்னு மேனேஜர் சட்டம் போட்டிருந்தான், அதனால நாத்தனார் கிட்ட வுட்டுட்டுப் போவேன். அன்னிக்கி காத்தாலயே அதுக்கு இளப்பு. மூச்சு வுட்டா நெஞ்சுக்குள்ள ஊதல் ஊதற மாதிரி சத்தம். எங்க வூட்டுக்காரரு ஓரிக்கைல செங்க சூளைக்கு போயிட்டாரு. நான் ஓடிப்போயி மேனேஜர் கிட்ட லீவு கேக்கறேன், ஆஸ்பத்திரிக்கி தூக்கிக்கினு போவணும்னு கேக்கறேன். "மெட்ராஸ் பார்ட்டி வருது, அந்த ஒரு கொயந்தய குளிப்பாட்டிட்டு கெளம்பு"ன்னான்.

பார்ட்டி வந்துச்சி, வந்து ராட்டினம் சுத்திச்சி, போட்டுல போச்சி. நான் வெந்நீர வெளாவி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். வெந்நீர் ஆறிப்போச்சி, மறுபடியும் வெளாவறேன். நடுப்பகலுக்குத்தான் கொயந்தய குடுத்தாங்க. கொழுகொழுன்னு ஆம்பளப் புள்ள, என் காலு மேலயே தூங்கிடுச்சி. அந்தம்மா "ஒங்க கை நல்ல கைம்மா"ன்னாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

என் கொயுந்தன் காத்தால பத்து மணிக்கெல்லாம் சைக்கிள் மிதிச்சிக்கினு கேட்டாண்ட வந்துட்டானாம். கொயந்த போயிடுச்சி, அண்ணிய அனுப்புங்கன்னு சொல்லியிருக்கான். வாட்ச்மேன் போயி மேனேஜர் கிட்ட சொல்லியிருக்கான். அந்தப் பாவி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல கண்ணு! சொன்னா நான் ஓடிடுவேன், பார்ட்டிக்கி கை இல்லாம பூடும். அனுப்பறேன் போன்னு கொயுந்தன தொரத்திட்டு, எதிர்ல வந்து நின்னு நான் குளிப்பாட்றத பாத்தான். சிரிச்சிக்கினு வேற பாத்தான்.

நான் போயி சேர்ந்தப்ப பொதச்சிட்டாங்க. பச்ச மண்ண எவ்ளோ நேரம் வெச்சிருப்பாங்க, நான் வர மாட்டேன்னே முடிவு பண்ணிட்டாங்க. குளிப்பாட்டனீங்களான்னு கேட்டேன். மூஞ்சிய மட்டும் ஈரத்துணில தொடச்சேன்னு சொல்லிட்டு நாத்தனார் தலைய குனிஞ்சிக்கினா. ஊரான் புள்ளைக்கெல்லாம் தண்ணி ஊத்தன கை இது, எம்புள்ளைக்கி கடைசி தண்ணி ஊத்தல. அந்த மேனேஜர் வெளங்க மாட்டான்னு மண்ண வாரி தூத்தனேன். எங்க, அவன் நல்லாத்தான் இருந்தான். அதுக்கப்பறம் நான் அந்தப் பக்கமே போவல, கள எடுக்கப் போயி வயிறு கயுவனேன்.

மூணு வருசத்துல பார்க்கு படுத்துடுச்சி. கூட்டம் இல்ல, கடன், பூட்டு. டைல்ஸு, கதவு, பைப்பெல்லாம் ஒருத்தர் ஏலத்துல எடுத்து பேத்துக்கினு போறதுக்கு ஆளு கூப்ட்டாரு. அந்த எடத்த ஒடைக்கறதுன்னா நான் கூலி இல்லாமயே போவேன்! போனேன். அப்ப எனுக்கு தலைல ரெண்டு வெரக்கடை முடி கூட இல்ல, அடுத்த புள்ளையாவது தங்கட்டும்னு திருத்தணில முடி குடுத்துட்டு வந்த புதுசு. வெயில் தாங்காம தலைல துண்டு சுத்திக்கினுதான் வேல செஞ்சேன்.

மத்தியானம் எல்லாரும் சோத்துக்கு அந்த சிமிட்டி யான நெயலுக்கு போயிட்டாங்க. நான் மட்டும் குடிக்கற தண்ணி சொம்ப எடுத்துக்கினு குளிக்கற ரூமுக்குள்ள போனேன். பாய்லர மொத நாளே லாரில ஏத்திட்டாங்க, கொயாவையும் அறுத்தாச்சி. நான் எப்பவும் குந்தி குளிப்பாட்ற மோட, சின்ன சிமிட்டி திண்ண, அது மட்டும் அப்புடியே இருந்துச்சி. இடுப்பு வலி, அதுல குந்தி கால நீட்டனேன்.

நம்பனா நம்பு, நம்பாட்டி போ. கணுக்காலு மேல பாரம் வந்து படுத்துச்சி. மரத்துப் போச்சின்னு நெனச்சி கைய வெச்சா, கைக்கி முதுகு தட்டுப்படுது. சூடா கீது. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, என் காலும் நீல டைல்ஸும்தான் தெரியுது. பயம் வரல எனுக்கு, கோவம்தான் வந்துச்சி. ஏன்னா பாரம் பெருசு, மூணு மாசத்து கொயந்த பாரம் இல்ல அது. அந்த மெட்ராஸ் கொயந்ததான்னு நெனச்சேன், இன்னும் நீதானாடா, இப்பயும் என் பொண்ணு வரலியான்னு கால மடக்கி தள்ளிவுடப் பாத்தேன். அப்பத்தான் அந்த மூச்சு கேட்டுச்சி. ஊதல் ஊதற மாதிரி.

பெத்தவளுக்கு தெரியாதா கண்ணு? சொம்ப எடுத்து ஊத்தனேன். பான தண்ணி, சில்லுன்னு இருந்த தண்ணி, ஊத்தறப்ப வெதுவெதுன்னு வெந்நீரா வருது. ஒரே ஒரு சொம்பு தண்ணி, ஊத்தறேன் ஊத்தறேன் தீரவே இல்ல. முதுகு தேச்சேன், கையி காலு உருவி வுட்டேன், ஆயிடுச்சிடி ஆயிடுச்சிடின்னு பேசிக்கினே ஊத்தறேன். அந்த மூச்சு சத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குது. எவ்ளோ நேரம்னு தெரியல, அயுதுக்கினே ஊத்தனேன்.

"அடியே வள்ளி, யார் கூட பேசற?"

கூட வேல செஞ்ச கன்னியம்மா, வாசப்படில நிக்கறா. திடுக்குன்னு ஆயி கால மடக்கி எய்ந்துட்டேன். பாரம் நழுவிடுச்சி. அவ்ளோதான், போச்சி. ரூம் முயுக்க தண்ணி, தூம்பு வரைக்கும் ஓடிக்கினு கீது. "இவ்ளோ தண்ணி ஏதுடி"ன்னு அவளே கேட்டா, அவளும் பாத்தா. எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடுது. தல தொவட்டலியே! சளில போன கொயந்தைய ஈரத் தலையோட வுட்டுட்டு எய்ந்துட்டேனே!

மறுநாளு என் துண்ட தொவச்சி காய வெச்சி கொண்டுபோயி அந்த மோட மேல விரிச்சேன். சாயங்காலம் வரைக்கும் மோடய ஒடைக்க வுட மாட்டேன்னு வாசப்படிலயே குந்திக்கினேன். மேஸ்திரி கத்தனாரு, கூலி கெடையாதுன்னாரு, போய்யான்னேன். அவரு கூட உள்ள வரல, யாரும் வரல. பொயுது சாயறப்ப போயி துண்ட எடுத்தா நடுவுல மட்டும் ஈரம், நீ தல தொடச்சி போட்டா இருக்குமே அப்புடி. அதுல ஒரு முடி ஒட்டிக்கினு கீது. கறுப்பு முடி, ஒரு சாண் நீளம். என் தல மொட்டத் தல. கன்னியம்மாவுக்கு முயுக்க நரைச்ச தல, அவளும் அன்னிக்கி உள்ள காலே வெக்கல. என் பொண்ணு போறப்ப அதுக்கு பூன முடிதான் இருந்துச்சி. ஒரு சாண் முடி வளரணும்னா மூணு வருசம் ஆவுமா ஆவாதா, நீயே சொல்லு.

அன்னிக்கி ராவே அந்த மோடய ஒடச்சிட்டாங்க. இப்ப அங்க பிளாட்டு போட்டு வித்துட்டாங்க. அந்தத் துண்டால தலைய ஒயுங்கா தொடச்சிக்கிச்சா, இல்ல தொடச்சிக்கத் தெரியாம மேல போட்டுக்கினு நின்னுச்சான்னு எனுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல. அன்னிக்கிலேர்ந்து நான் கால நீட்டல. நீட்டி அது வந்துட்டா? இருந்திருந்தா இப்ப நாப்பது வயசு தாண்டன பொம்பள, இந்த முட்டி தாங்குமா? நீட்டி அது வரலன்னா, அத நான் எப்புடி தாங்குவேன்?

சரி, வுட மாட்ட நீ. நீட்டறேன். அதுக்கு மின்னாடி கொடில கீதே அந்த டவலு, அத எடுத்து என் கையில குடு. தொட்டுப் பாத்துட்டு குடு கண்ணு, நல்லா காஞ்சிருக்கணும்.