பிள்ளைக்காம்பராவின் கப்பல் கதவு

1. அந்தக் கப்பல் உலக யுத்தத்தில் சரக்கு ஏற்றியது.
2. யுத்தம் முடிந்ததும் அரிசி ஏற்றியது.
3. பிறகு அதைக் கொழும்பில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.
4. அதன் கதவொன்று தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது. பால்வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு அதை மாட்டினார்கள்.

இன்று துறைமுகத்தில் என் வேலையின்போது, பழுதுபார்ப்புக்கு வந்த கப்பலொன்றின் கதவைத் திறந்தேன்; துருவும் கிரீஸும் கலந்த, அந்தத் தோட்டத்துக் கதவின் அதே வாடை வந்தது. எங்களைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா கைப்பிடியைச் சுற்றுவதும், கதவு முனகிக்கொண்டு திறப்பதும், பெயின்ட் பொரிந்த இடங்களை நாங்கள் நகத்தால் உரிப்பதும், "கப்பல் கதவுடி, பிச்சிராதீங்க! சொட்டுத் தண்ணி உள்ள வராது" என்று அவர் அதட்டுவதுமாகவே என் சிறுவயதுக் காலைகள் கழிந்தன.

அதை எல்லோரும் நம்பினோம். விடாமல் மழை பெய்த ஒருநாள், அம்மா தங்கச்சியை, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டிலிருந்து அங்கே கொண்டுபோனார்.

"லயத்தவிட இங்கதான் பத்திரம், ஆயாம்மா. பெரியவள பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிட்டு வந்துர்றேன்."

நாங்கள் திரும்பி வருவதற்குள் மலை சரிந்து, மண் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அது வெறும் செங்கல் சுவர். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

ஆயாம்மாவையும் தங்கச்சியையும் மறுநாள் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். காம்பரா இப்போது இல்லை. கதவு மட்டும் சட்டத்தோடு நிற்கிறது, மூடியபடி.