குறைந்த ஒரு கோப்பு

ராத்தாவின் கோப்புகளைக் கணினிக்கு வெளியே செருகும் ஒரு பழைய வன்தட்டுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு சிறு பெட்டி எழுந்தது. அதில் எழுதியிருந்ததை வாசிக்காமலேயே 'தவிர்' என்பதை அழுத்தினேன். ஒவ்வொரு சொல்லையும் நின்று வாசிக்கப் பழகிய இலக்கிய மாணவி நான்; அன்று அந்த ஒரு வரியை வாசிக்கவில்லை.

ராத்தா என் ஒரே அக்கா, விஞ்ஞான ஆசிரியை. அவருடைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. புதுப்பித்தல் பாதியில் இருக்கும்போது மின்சாரம் நின்றதிலிருந்து அது எழும்பவில்லை. கல்முனை பசாரில் ஒரு கடையில், எல்லாவற்றையும் அழித்துத்தான் புதிதாகப் போடலாம் என்றார்கள். ராத்தா கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குள் அவருடைய நிக்காஹ் காணொளி இருந்தது. எங்கள் ஊரில் நிக்காஹ் ஆண்கள் கூடிய சபையில் நடக்கும். மணமகளும் தாயும் உள்ளறையில் இருப்பார்கள். வாப்பா மகளை ஒப்புக்கொடுத்துச் சொன்ன சொற்களை வீட்டுப் பெண்கள் நேரில் கேட்கவில்லை. மறு வருடம் அவர் மௌத்தாகி எங்களைப் பிரிந்தார். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

மேசையில் வயர்களைக் கண்ட மச்சான், ராத்தாவின் கணவர், "என்னகா, மெக்கானிக் வேலை தொடங்கிட்டியா?" என்று சிரித்தார்.

"ஓம், அடுத்தது உங்கட மோட்டார்சைக்கிள்தான்," என்றார் ராத்தா, நிமிராமலே.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்தபோது கோப்புகள் பத்திரமாக இருந்தன. அவை வட்டின் தனிப் பகுதி ஒன்றில் இருப்பதால், அதைத் தொடாமல் மற்றப் பகுதியை மட்டும் அழித்து நிறுவலாம் என்று ராத்தா விளக்கினார்.

"அப்ப ஏன் கொப்பி எடுக்கிறம்?" என்று கேட்டேன்.

"எனக்குக் கை தவறினா?"

பிரதி முடிந்ததும், நிறுவத் தொடங்கலாம் என்றேன். ராத்தா அசையவில்லை. இரண்டு பக்கத்துக் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டார். ஒன்று குறைந்தது. பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. தேடிப் பார்த்தார். குறைந்தது நிக்காஹ் காணொளிதான். அத்தனை பெரிய ஒற்றைக் கோப்பை அந்தப் பழைய தட்டு ஏற்காது. அதைத்தான் பெட்டி சொல்லியிருக்கிறது. ராத்தா அதை இரண்டு துண்டாகப் பிரித்துப் பிரதி எடுத்தார். துண்டுகளைத் திரும்ப ஒட்டி, ஓடவிட்டுப் பார்த்த பிறகே நிறுவலைத் திறந்தார். எந்தப் பகுதியை அழிப்பது என்று கேட்ட இடத்தில், கோப்புகள் இருந்த பகுதிக்கு எதிரே அழிப்பதற்கான அடையாளம் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்தார். பிறகு கணினியை என் பக்கம் திருப்பினார்.

"நீ அழுத்து, புள்ள."

"நானா?"

"இப்ப வாசிச்சுப் போட்டு அழுத்துவாய்தானே."

ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். அழுத்தினேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னரே கணினி எழும்பியது. கோப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஓடவிட்ட காணொளியில் வாப்பாவின் குரல் கேட்டதும் உம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். சொற்களுக்கு நடுவே வாப்பா ஒருமுறை தொண்டையைச் செருமினார். மச்சானும் வாசலில் வந்து நின்றார்.

"நீயாகா செஞ்சாய்?" என்று ராத்தாவிடம் கேட்டார்.

ராத்தா என்னைப் பார்த்தார். தவிர்த்த பெட்டியைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நாங்க ரெண்டு பேரும்," என்றார்.