மாயாண்டியை எங்கே நிறுத்துவது?

ரெஃபரி வேலைக்குப் போனவனுடைய தாயாரைப் பற்றி அவனுக்கே தெரியாத சங்கதிகளை எல்லாம் ஊர் பேசும். இது தெரிந்துதான் நானும் விசிலைக் கழுத்தில் மாட்டினேன். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சனி ஞாயிறுகளில் வைகைக் கரை மைதானத்தில் ரெஃபரி. இதற்குச் சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு கலர் சோடா, மறுநாள் கடைத்தெருவில் வசவு, அவ்வளவுதான் வரும்படி. என்னைப் போல விசில் ஊதிப் பாவம் சேர்த்துக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். இதில் மாயாண்டி என்று ஒரு பையனுடைய பிழைப்பும் அடிபடுகிறது. அதனால் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எனக்கு வராது.

களைத்துப்போன மாடு

வாடிப்பட்டியில் ஒரு கோப்பை ஆட்டம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, ரெஃபரிக்கு மத்தியானச் சாப்பாடு உள்ளூர் டீமை நடத்துகிற பெரிய வீட்டில். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். என் இலை காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையே பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். எதிர்த்து ஆட வந்தது மதுரைப் பஞ்சு மில் ஒன்றின் டீம். மில்லின் பெயர் வேண்டாம். அன்றைக்குத்தான் மாயாண்டியை முதல்முதலாகப் பார்த்தேன். அவனியாபுரத்துப் பையன், அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்குகிறவர்கள். மீசை அரும்பி முடித்த வயது, காலில் பூட்ஸ் கிடையாது. சென்டர் ஹாஃப் ஆடினான். அதாவது மைதானத்தின் நடுவில் நின்று, வருகிற பந்தை மறித்து, முன்வரிசைக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. எதிராளி உதைக்கப்போகிற பந்து எங்கே விழும் என்று யாரோ முன்கூட்டியே அவனிடம் சொல்லிவைத்த மாதிரி இருந்தது.

கடைசி நேரத்தில் உள்ளூர்க்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டி உள்ளே தள்ளினான். கோல் இல்லை என்று ஊதினேன். மில் ஜெயித்தது. எனக்குச் சோறு போட்ட பெரிய மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். மில் டீம் வந்த லாரியில் தொற்றிக்கொள்ளலாம் என்றால், ஜெயித்தவன் வண்டியில் ரெஃபரி ஏறினால் அதற்குத் தனி வசவு வரும். காலையில் ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூட்டி வந்த மாட்டுவண்டி புளியமரத்தடியில்தான் நின்றது. வண்டிக்காரர் வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாடு களைச்சுப் போச்சுங்கய்யா. நம்மூரு ஜெயிச்சிருந்தா களைச்சிருக்காது."

கைலிக் கடையில் இரண்டு கட்சி

மாயாண்டி மில்லில் பதிலி ஆள். தினம் விடிவதற்குள் கேட்டில் போய் நிற்க வேண்டும். வேலைக்கு வராதவனுக்குப் பதிலாக மேஸ்திரி கைகாட்டினால் அன்றைக்குக் கூலி. காட்டாவிட்டால் வந்த வழியே அவனியாபுரத்துக்கு நடை. இந்த வருஷம் கோப்பை மில்லுக்கு வந்தால் மாயாண்டிக்கு நிரந்தர வேலை என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். இது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் ஊர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு.

கீழ மாசி வீதியில் காதர் பாயின் கைலிக் கடை. கைலி விற்றதோ இல்லையோ, அங்கே எந்நேரமும் ஃபுட்பால் பேச்சு உண்டு. மாயாண்டி முன்வரிசையில், இன்சைடு லெஃப்டில் நின்று கோல் போட வேண்டியவன் என்பது பாயின் கட்சி. "இம்புட்டு ஓட்டம் ஓடுறவன நடுவுல கட்டிப்போட்டு வச்சிருக்காக!" என்று கைலியை மடிப்பதை விட்டுவிட்டுக் கத்துவார். எதிர்க்கட்சிக்கு வக்கீல் குமாஸ்தா ராமையா தலைவர். "நடுவுல இருந்து அவன எடுத்துப் பாருங்க, அப்பறம் டீமு எங்கன நிக்குதுன்னு தெரியும்" என்பார் அவர். சரக்கு வாங்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அந்த வழியாகப் போனால் என்னையும் பிடித்து உட்கார வைத்து, போன மாதம் நான் கொடுக்காத பெனால்டிக்கு விளக்கம் கேட்பார்கள்.

ஒரு நாள் எரிச்சலாகிவிட்டது. "ஆடுகிற பையனை யாராவது கேட்டீர்களா?" என்றேன். காதர் பாய்க்கு நிஜமாகவே ஆச்சரியம். "அவனுக்கு என்னா வாத்தியாரே தெரியும்? அவன் ஆடுறவன்தானே, பாக்குறவுக நாமதானே!"

மில் கேட்

சரி, நானே கேட்டுவிடுவோம் என்று ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் சைக்கிளை மில் பக்கம் திருப்பினேன். கேட்டில் பதிலி ஆட்கள் ஒரு கும்பலாக நின்றார்கள். மாயாண்டியைத் தனியே கூப்பிட்டு, "நீ எங்கே நின்று ஆடினால் உனக்கு நன்றாக வருகிறது?" என்று கேட்டேன். அவன் கண் என்மேல் இல்லை. பேசுகிற நேரத்தில் மேஸ்திரி கைகாட்டிவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே. மேஸ்திரி பக்கமே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். "எங்க ஆடுனா வேலை நெரந்தரமாகும்னு சொல்லுங்கய்யா. கோல் கம்பத்துக்கு நடுவுலகூட நிக்கிறேன்."

டிஞ்சர்

செமி ஃபைனலிலும் மில்தான் ஜெயித்தது. ஆனாலும் மில் கட்சிக்கு என்மேல் கோபம். அவர்கள் கேட்ட ஒரு பெனால்டியை நான் கொடுக்கவில்லை. பந்து தோளில் பட்டதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். அவர்கள் மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்தின் மேல் உட்கார்ந்து கையில் பட்டதாகப் பார்த்தார்கள். தோற்ற கட்சிக்கோ தோற்றதே காரணம். இரண்டு பக்கமும் கல் எறிந்தார்கள். என் நெற்றியைப் பிளந்தது எந்தக் கட்சிக் கல் என்று இன்றுவரை தெரியாது.

ரத்தம் வழிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஆட்டத்துக்கு வந்திருந்தாராம். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து கையில் பட்டதா தோளில் பட்டதா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நெற்றியைக் கவனியுங்கள் என்று கெஞ்சினேன். மாயாண்டியை முன்னால் விட்டிருந்தால் பெனால்டியே தேவைப்பட்டிருக்காது என்று தம்முடைய கட்சியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் டிஞ்சர் சீசாவைத் திறந்தார். நான் துள்ளிய துள்ளலைப் பார்த்து அவருக்கு ஒரு திருப்தி. "எரியுதா சார்? மைதானத்துல எங்களுக்கும் இப்படித்தான் எரிஞ்சுச்சு."

ஃபைனல்

ஃபைனலில் எதிரி ஒரு திருச்சி டீம். முந்தின நாள் காதர் பாய் ஒரு கூட்டத்தையும் ரோஜா மாலையையும் கொண்டுபோய் மில் முதலாளியைப் பார்த்து, மாயாண்டியை முன்வரிசைக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். முதலாளிக்கு மாலையும் பிடித்தது, கூட்டமும் பிடித்தது. ஆட்டத்தன்று மாயாண்டி இன்சைடு லெஃப்ட். நடுவில் அவன் இல்லாமல் மில் டீம் திண்டாடியது. பாதி ஆட்டத்துக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டது.

முடியப்போகிற நேரத்தில் வலது பக்கத்திலிருந்து பந்து வந்தது. மாயாண்டி பாய்ந்து போய் அடித்தான், உள்ளே போய்விட்டது. மைதானமே எழுந்து கூத்தாடியது. நான் ஊதினேன். ஆஃப்சைடு. கூட்டாளி பந்தைத் தட்டிவிட்ட நேரத்தில் மாயாண்டிக்கும் கோலுக்கும் நடுவே எதிராளிகள் இரண்டு பேராவது இருந்திருக்க வேண்டும். கோல்கீப்பர் ஒருவர்தான் இருந்தார். முன்வரிசையில் ஆடிப் பழகியவன் பந்து வருவதற்கு முன் எதிரியின் பின்வரிசை ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு கண் பார்த்துக்கொள்வான். மாயாண்டி அப்படிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஆடி வளர்ந்தவன். சென்டர் ஹாஃபுக்கு முன்னால் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். ஊர் கூடி மாலை போட்டுக் கேட்டு வாங்கிய ஆஃப்சைடு அது. கண்ணை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எதிரே திருச்சிக்காரர்கள் பதினொரு பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. அதனால்தான் ஊதினேன். கோப்பை திருச்சிக்குப் போயிற்று.

இரண்டு போலீஸ்காரர்கள் நடுவே நான் வெளியே வந்தபோது மாயாண்டி வழியில் நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "அய்யா, நெசமாவே ஆஃப்சைடுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் சொன்னான்: "எனக்குத் தெரியலீங்கய்யா. பந்து வந்துச்சு, ஓடுனேன்."

ஹெட் கிளார்க்

அதற்குப் பிறகு மேஸ்திரியின் கை மாயாண்டி பக்கம் திரும்பவே இல்லை. நிரந்தர வேலை இருக்கட்டும், பதிலி வேலையும் போயிற்று. கேள்விப்பட்டு மனசு கேட்காமல் மில்லுக்குப் போனேன். முதலாளியைப் பார்க்க விடவில்லை. மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார வைத்து, கடைசியில் ஹெட் கிளார்க் வந்தார். அவரிடம் மன்றாடினேன். பையன்மேல் பிசகு இல்லை. நடுவில் நின்றவரைக்கும் உங்களை அவன் தோற்கவிட்டதில்லை. மாற்றி நிறுத்தியது நீங்கள்தானே என்றேன். ஹெட் கிளார்க் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "நீங்களே கோல் இல்லேன்னுட்டீங்க. நாங்க மட்டும் வேலை உண்டுன்னு எப்படி சார் சொல்றது?"

மிளகாய் மூட்டை

ஒரு வருஷம் போயிருக்கும். கைலிக் கடையில் என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். பேச்சு அதேதான், கட்சிகள்தான் இடம் மாறியிருந்தன. "நான் அப்பவே தலதலயா அடிச்சுக்கிட்டேன், அவன் நடுவுல நிக்க வேண்டிய பய!" என்றார் காதர் பாய். மாலை கொண்டுபோனது அவர் ஞாபகத்தில் இல்லை. ராமையாவோ, "முன்னால விட்டது தப்பில்ல பாய், இந்தா உக்காந்திருக்காரே, இவரு ஊதுனதுதான் தப்பு" என்று என்னைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து முதுகில் மிளகாய் மூட்டையோடு மாயாண்டி தெருவில் வந்தான். மண்டியில் சுமை தூக்குகிறானாம். பாய்க்கு ஒரே சந்தோஷம். "அடே மாயாண்டி, நில்லுப்பா! நீயே சொல்லிரு, ஹாஃபா, இன்சைடா?"

அவன் நின்றான். குனிந்த முதுகில் மூட்டை, நெற்றியில் வேர்வை சொட்டுகிறது. அவன் வாயைத் திறப்பதற்குள் ராமையா குறுக்கே பேச, பாய் அவரை மறித்துப் பேச, கடையில் இருந்தவர்கள் எல்லோரும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். "முதலில் மூட்டையை இறக்கச் சொல்லுங்களய்யா" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. என் விசிலுக்கே அடங்காத கூட்டம், வாய்க்கா அடங்கும்? மாயாண்டி என்னை ஒரு தரம் பார்த்தான். கோபமாகப் பார்த்தான் என்றால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். மூட்டையை ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏற்றிக்கொண்டு சொன்னான்: "கனக்குது பாய். நீங்க பேசி ஒரு முடிவு பண்ணி வையுங்க, நான் போறேன்."

தப்பாக ஊதினால் ஊர் ஒரு வாரம் திட்டும், சரியாக ஊதினால் ஆயுசு முழுக்க நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்.