மிளகாய்க் கிட்டங்கிச் செங்கல்

போன வாரம் நாரணாபுரத்தில் சாலையை அகலப்படுத்துவதற்காக என் மாமனார் வீட்டை இடித்தார்கள். இயந்திரத்தின் கை சுவரில் பட்டதும் தெருவில் நின்ற பால்காரர் தும்மினார். அடுத்து ஒரு பெரியவர். அடுத்து நான். எனக்கு மட்டும் தும்மலோடு சிரிப்பும் வந்துவிட்டது. அப்பா வீடு விழும்போது சிரிக்கிற புருஷனை ஒருத்தி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள் என் மனைவி. என்ன செய்ய? அந்தத் தும்மலைப் போட்டு வைத்தவனே நான்தான்.

பாலிடெக்னிக்கில் கட்டடம் கட்டப் படித்துத் தேறாமல், இடிப்பதில் தேறியவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு விருதுநகரில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கிய சமயம். எங்கள் தொழிலில் இடிக்கிறவனுக்குக் கூலி கிடையாது. உடைத்த சாமான் அவனுக்கு, துடைத்துவிட்ட மாதிரி இடம் சொந்தக்காரருக்கு. முதல் வேலையாக மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று கிடைத்தது. பழம் தின்று கொட்டை போட்டவர்களெல்லாம் ஏன் அதை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சம்மட்டி அடியிலேயே தெரிந்தது. மூன்று தலைமுறை மிளகாயைக் குடித்த சுவர். தூசியை அடக்கலாமென்று தண்ணீர் தெளித்தேன். உச்சி வெயிலில் தெரு முழுக்கப் புளி ஊற்ற மறந்த குழம்பு வாசம். எதிர்க்கடைக்காரர், சோறு தயாரா என்று ஆள் விட்டுக் கேட்டார்.

எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன்; இவளை விட்டால் வேறில்லை என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அவளுடைய அப்பா வெடி கம்பெனியில் போர்மேன். "கட்டுறவனுக்குக் குடுக்கலாம். இடிக்கிறவனுக்கு எப்படிக் குடுக்க?" என்று தரகரிடம் சொல்லிவிட்டார். இருந்தாலும், தொழிலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்தார்.

வெடி கம்பெனிப் பழக்கம், பீடியையும் தீப்பெட்டியையும் வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். செங்கலில் ஒட்டிய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சம்மட்டிக்காரர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்: "யாரு போயிட்டாக?"

காரை கொத்தும் பெண்களுக்குத் தலைவி முத்தக்கா. என் கல்யாணப் பேச்சு அவருக்கு அத்துப்படி. "யாரும் போகல அண்ணாச்சி. இந்தத் தம்பிக்கு நீங்க பொண்ணு தரமாட்டேங்கீகளாம். அதான் அழுதுக்கிட்டு இருக்கோம்."

எந்தச் செங்கலுக்கு அடியில் ஒளிவதென்று தெரியவில்லை எனக்கு. அவர் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது. தும்மல் பிடித்துக்கொண்டது, கண்ணிலும் மூக்கிலும் தாரை. "பாருங்கடி, அண்ணாச்சிக்கும் மனசு எளகிருச்சு" என்றார் முத்தக்கா.

போர்மேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்தார். தேக்கு உத்திரம் ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம், நிமிர்த்திய ஆணிகள்கூட ஒரு டப்பாவில். உதிர்ந்த காரையை எந்தக் கண்மாயில் கொட்டுவாய் என்று கேட்டார். கொட்டமாட்டேன், கரிசல் மண்ணில் வீடு கட்டுகிறவர்களுக்குத் தரை நிரப்பக் கொடுப்பேன் என்றேன். அவரே அப்போது கரிசலில் அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு செங்கலை எடுத்துத் தட்டிப் பார்த்தார். கரையான் ஏறுமா என்றார். ஏறினால் அதுவும் அழுதுகொண்டேதான் இறங்கும் என்றேன்.

"செங்கலும் காரையும் எங்க வீட்டுக்கு வரட்டும், மாப்ளே. பொண்ணு ஒங்க வீட்டுக்கு வரும்."

கடைசி டிராக்டர் லோடு போன பிறகு, கிட்டங்கி நின்ற இடத்தில் கையகலக் குப்பைகூட இல்லை. தாஜ்மகாலைக் கட்டியவன்கூட, கட்டி முடித்ததைப் பார்த்து அப்படி நெஞ்சை நிமிர்த்தியிருப்பானா, சந்தேகம்தான். மாமனார் வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால்கூட வீடே தும்மும். "எங்க அப்பாவுக்கு நீங்க போட்ட சீதனம்" என்பாள் இவள்.

போன வாரம் எல்லாம் அரை நாளில் முடிந்தது. செங்கலும் மரமும் கம்பியும் ஒன்றாக நொறுங்கி, லாரியேறிக் கண்மாய்ப் பக்கம் போயின. காரை கொத்த யாரும் உட்காரவில்லை. தெருவே தும்மிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்து இடித்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் தும்மல் வரவே இல்லை.